மூன்று விசிலும் ஒரு கைந்நொடியும்: கணினி விழிப்புக் காலம் குறித்த ஆய்வு

பொத்தானை அழுத்தியதிலிருந்து கணினி நம்மை மதித்து வேலைக்கு வரும்வரை உள்ள பொழுதை இக்கட்டுரை ‘விழிப்புக் காலம்’ என்று வழங்கும். இதை எதைக்கொண்டு அளப்பது என்பதுதான் முதல் சிக்கல். தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாக வைத்தார். எங்கள் வீட்டு எட்டு வயது லேப்டாப்புக்கு அது கட்டாது. இமைத்தே கண் பூத்துவிடும். எனவே ஆய்வாளர் குக்கர் விசிலை அலகாகக் கொண்டார். மூன்று விசிலில் அடுப்பை அணைப்பது எப்படியும் அவர் பொறுப்பு.

ஆய்வுக் களம்: காலை ஏழரை மணி, துவரம்பருப்பு, நடுத்தரத் தீ. முதல் விசிலுக்குத் திரையில் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டாவதற்கு டெஸ்க்டாப் வந்துவிடும், நம்பக் கூடாது. ஐகான்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாக வந்து அமரும். உள்ளே பரணில் எலி சுரண்டுவதுபோல் கரகரவென்று சத்தம். மூன்றாவது விசிலில்தான் கிளிக்குக்கு மரியாதை.

காரணம் எளிது. அந்த ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. கேட்ட தகவல் முள்ளுக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். விழிக்கும் நேரத்தில் விண்டோஸ் கேட்பதோ ஆயிரக்கணக்கான சில்லறை ஃபைல்கள். ரேஷன் கடையில் சர்க்கரைக்கு ஒரு வரிசை, பாமாயிலுக்கு மறுபடி வரிசை என்று நின்ற கதைதான். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்கில் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், 1200 சுற்று. அறுபது ஆண்டு கழித்துப் பிறந்த பேரன் நாலரை மடங்குதான் வேகமாகச் சுற்றினான்.

“எஸ்எஸ்டி போட்டா பறக்கும் சார்” என்றார் சர்வீஸ் கடைக்காரர். அதில் சுற்றவும் ஒன்றுமில்லை, தேடி நகரும் முள்ளும் இல்லை, எல்லாம் சிப். கேட்டது மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கைக்கு வரும். மாட்டி வந்த மறுநாள் குக்கர் வெயிட் அசையக்கூட இல்லை, டெஸ்க்டாப் தயார். கம்பெனி லோகோ மட்டும் பழையபடியே நின்றது. அது மதர்போர்டின் பொழுது, டிஸ்கை மாற்றிக் குறையாது.

கிளைக் கண்டுபிடிப்பு ஒன்று. டெஸ்க்டாப் வந்ததும் ரைட் கிளிக் செய்து நாலு தடவை ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தும் சடங்கு நம்மவரிடம் உண்டு. ஐகான்களை மறுபடி வரைவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. தூங்குமூஞ்சி டிஸ்குக்குக் கொடுத்த அவகாசம் அது என்பது ஆய்வாளர் துணிபு. எஸ்எஸ்டி வந்தபின்னும் அவர் விரல் அதை விடவில்லை.

முதல் விசிலுக்கு முன்பே அன்று வேலை தொடங்கிவிட்டது. அதில் மூழ்கியவர் காதில் மூன்றாவது விசில் விழவில்லை, நான்காவதும் விழவில்லை. ஏழாவதில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது:

“ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னா வாங்க. பருப்பைக் கரண்டியில எடுக்க முடியல, டம்ளர்லதான் ஊத்தணும்.”