கேளுங்க அண்ணாச்சி: ஸ்டியரிங் லாக் ஸ்பெஷல்

வட்டக்கோட்டையில் ஏறி கடலைப் பார்த்துவிட்டு வந்தால், கார் ஸ்டியரிங் அசையவில்லை, சாவியும் திரும்பவில்லை. லாக் கெட்டுப்போச்சா அண்ணாச்சி? (அஞ்சுகிராமம் வாசகர்)

கெடவில்லை, நெரிபடுகிறது. சக்கரத்தை ஒடித்தபடியே நிறுத்திவிட்டு சாவியை உருவியிருப்பீர்கள். ஸ்டியரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் ஒரு முளை இறங்கி நிற்கும். சக்கரத்தின் இழுப்பு அந்த முளையை ஒரு பக்கமாக அழுத்துகிறது. ஒரு கையால் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே மறுகையால் சாவியைத் திருப்புங்கள். மெக்கானிக்குக் கொடுக்க இருந்த காசுக்கு நுங்கு வாங்கித் தின்னுங்கள்.

என்னுடையது பட்டன் ஸ்டார்ட் வண்டி. அசைத்தும் பார்த்தாச்சு. லாக் விளக்குதான் எரிகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. யூனிட்டையே மாற்றணும் என்கிறார்கள். (லீபுரம் வாசகர்)

பர்ஸை உள்ளே வையுங்கள். இந்த வண்டிகளில் முளையை இழுப்பது உங்கள் கையல்ல, ஒரு குட்டி மோட்டார். பட்டனை அமுக்கியதும் வண்டி முதலில் ரிமோட்டைச் சரிபார்க்கும். பிறகு மோட்டாருக்கு கரண்ட் போகும். முளை வெளியே வந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்ச் சாட்சி சொன்னால்தான் ஸ்டார்ட்டருக்கு அனுமதி. ஆக குற்றவாளி மோட்டாராகவும் இருக்கலாம், சாட்சியாகவும் இருக்கலாம், கரண்ட் கொண்டுவரும் வயராகவும் இருக்கலாம். மூவரில் ஒருவருக்காக மொத்தக் குடும்பத்தையும் ஏன் நாடு கடத்த வேண்டும்?

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங் தண்டுப் பக்கம் காதை வைத்து யாரையாவது பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். ‘ஸ்ர்க்’ என்று சத்தம் வந்து, ஸ்டியரிங்கும் தாராளமாகத் திரும்பி, விளக்கு மட்டும் அணையாவிட்டால் சாட்சி மேல்தான் முதல் சந்தேகம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், பாட்டரி, எர்த் என்று வரிசையாகப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

இனிதான் பல பேர் சறுக்கும் இடம். லாக் யூனிட்டின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைப்பார்கள். 12 வோல்ட் வரும். “கரண்ட் வருது, யூனிட்தான் அவுட்” என்று தீர்ப்பும் வந்துவிடும். அடைப்புள்ள குழாயில்கூட டேப்பை மூடி வைத்தால் பிரஷர் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். வயரும் அப்படியே. எல்லாம் அறுந்து ஒரே ஒரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும், சும்மா இருக்கும்போது மீட்டர் 12 காட்டும். அதனால் கனெக்டரை மாட்டியே வையுங்கள். மீட்டரின் ஒரு முனையை லாக்கின் எர்த் வயரிலும் மறுமுனையை பாட்டரி நெகட்டிவிலும் பின்புறமாகத் தொட்டுக்கொண்டு பட்டனை அமுக்குங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எர்த் சரியில்லை. மோட்டாருக்குப் போக வேண்டியதை அது வழியிலேயே விழுங்குகிறது.

கடலோரத்தில் குடியிருக்கிறீர்கள். முதலில் பாட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்திருக்க நிறைய வாய்ப்பு. உப்பு அரித்ததை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். செலவு டீக்காசு. அப்புறமும் சத்தமில்லை, பாஸிட்டிவ் வயரும் இதே சோதனையில் தேறிவிட்டது என்றால், யூனிட்டைப் பற்றிப் பேசலாம்.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா? (ஆரல்வாய்மொழி வாசகர்)

புகார் கொடுத்தவர் யார் என்று தெரியும், திருடன் யார் என்று தெரியாது. ‘லாக் யூனிட்டுடன் தொடர்பில்லை’ என்று பிழைக் குறியீடு வந்தால் யூனிட் செத்துவிட்டது என்று பொருளில்லை. அறுப்பு முடிந்த வயலிலிருந்து எலி உங்கள் வண்டிக்குக் குடிவந்து வயரைக் கடித்திருக்கலாம். அழிக்கும் முன் குறியீட்டை எழுதி வையுங்கள்.

வண்டி ஓடும்போது இந்த மோட்டார் லாக் போட்டுவிட்டால்? (கன்னியாகுமரி வாசகர்)

ஓடும் வண்டியில் அது வேலை செய்யக்கூடாது என்பதற்காகவே லாக் போடும் கரண்டைத் துண்டித்து வைப்பார்கள். ‘ஸ்டியரிங் லாக் ஆயிடுச்சு’ என்று பலர் அலறுவது, இன்ஜின் அணைந்து பவர் ஸ்டியரிங் போனதால் வரும் கனம். கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். பலங்கொண்டு பிடித்து ஓரங்கட்டுங்கள். சாவி வண்டியாக இருந்தால், நிற்கும்வரை சாவியை மட்டும் உருவாதீர்கள். உருவினால் நிஜமாகவே லாக் விழும்.

என் சாவிக்கொத்தில் வீடு, பீரோ, பம்புசெட், தோப்பு கேட் சாவி எல்லாம் இருக்கிறது. அதனாலென்ன? (தேரூர் வாசகர்)

சாவி நுழையும் சிலிண்டருக்குப் பின்னால்தான் இக்னிஷன் சுவிட்ச் இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். சுவிட்சின் பிடிப்பு தளர்வாக இருந்ததால், கனமான கொத்து இழுத்தாலோ முழங்கால் இடித்தாலோ சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்தது. மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. பம்புசெட் சாவியை ஆணியில் தொங்கவிடுங்கள், அண்ணாச்சி.

நானே கழற்றிப் பார்க்கலாமா? (சுசீந்திரம் வாசகர்)

மஞ்சள் கனெக்டர் வரை வந்ததும் கையை எடுங்கள். அது ஏர்பேக். பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்கு மேல் லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலையே இருக்காது. முடுக்கி முடித்ததும் தலை முறிந்து விழும்படி செய்வது திருடனுக்காக. மாட்டிக்கொள்வது நீங்களும் நானும்.

இத்தனை தொல்லை கொடுக்கும் லாக் திருட்டைத் தடுத்ததா? (வட்டக்கோட்டை வாசகர்)

உங்கள் ஊர்க் கோட்டையைப் பலப்படுத்திய டிலனாய், 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர். எதிராளிக்குத்தான் சுவரின் ஓட்டை தெரியும். லாக் விஷயத்தில் திருடனுக்கும் அப்படித்தான். ஸ்டியரிங் லாக்கை மேற்கு ஜெர்மனி 1960-களில் பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியது. கார் திருட்டு நன்றாகவே விழுந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களில் மட்டும் கொண்டுவந்தது. திருடர்கள் பழைய கார்ப் பக்கம் நகர்ந்துகொண்டார்கள்.

ஹார்ன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது. லாக்தானே? (நாகர்கோவில் வாசகர்)

லாக் பாவம், விட்டுவிடுங்கள். ஸ்டியரிங்குக்குள் சுருட்டி வைத்த ரிப்பன் வயர் அறுந்திருக்கும். கடையில் ‘கிளாக் ஸ்பிரிங்’ என்று கேளுங்கள்.