அடைப்புத் தடுப்பியால் வரும் அடைப்பு: ஒரு சிற்றாராய்ச்சி

உறையாத ரத்தம் எதையும் அடைக்காது என்பது பாமரர் கருத்து. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வரலாறு இதை நிதானமாக மறுக்கிறது.

இதன் முன்னோடிப் பொருளின் மகிமையை முதலில் கண்டவை மாடுகள். 1920களில் கனடாவிலும் வட டகோட்டாவிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனத்தைத் தின்றவை, கொம்பை அறுத்த காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடேரியையும் உறையாத ரத்தம் கொண்ட பால் கேனையும் பனிப்புயலில் ஏற்றிவந்து உயிர்வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்வகத்தில் இறக்கினார். அதில் தொடங்கிய ஆராய்ச்சியின் விளைவு 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி. மறு ஆண்டு மாரடைப்பு கண்ட ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அதையே கொடுத்தார்கள். மாடு, எலி, ஜனாதிபதி: பதவி உயர்வில் விதிமீறல் ஏதுமில்லை.

சிறுநீரகத்தை யாரும் கேட்கவில்லை. அதன் வாக்குமூலம் முறையாகப் பதிவானது 2009இல்தான். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் செர்கே பிராட்ஸ்கி குழுவினர் வார்ஃபரின் சாப்பிட்ட ஒன்பது நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வடிகட்டி முடிச்சுகளில் கசிந்த சிவப்பணுக்கள், அடுத்துள்ள நுண்குழல்களில் கட்டி தட்டி அடைத்துக் கிடந்தன. குழாய் அடைக்கக் கூடாதென்று கொடுத்த மருந்து, வேறொரு குழாயை அடைத்திருந்தது. மருந்தின் மீது குற்றமில்லை. எந்தக் குழாய் என்று சீட்டில் யாரும் எழுதவில்லை.

2011இல் அதே குழு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 3ஐத் தாண்டிய வார்ஃபரின் நோயாளிகளின் கணக்கைப் புரட்டியது. ஒரு வாரத்துக்குள், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி.யாவது ஏறினால் பாதிப்பு என்று வைத்துக்கொண்டார்கள். பாதிப்புக்கு ஆளானவர்கள், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவர்களில் 33 சதவீதம், பழுதில்லாதவர்களில் 16.5 சதவீதம். ஐ.என்.ஆரை விடாமல் பார்க்கும் கிளினிக்குகள் பல உண்டு. கிரியேட்டினின் அடுத்த அறைக்காரர் பொறுப்பு.

மாத்திரையை நிறுத்தலாமே என்று வாசகர் யோசிக்க வேண்டாம். இதயத்தின் செயற்கை வால்வில் ரத்தக் கட்டி பிடித்தால், சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்கமாட்டார். பின்னாளில் வந்த மற்றொரு உறைவுத் தடுப்பு மருந்தான டாபிகட்ரானிலும் இதே பாதிப்பு தென்பட்டதால், வார்ஃபரினின் தனியுரிமையும் பறிபோனது.

இந்தச் சிறுநீரகப் பாதிப்பை உறுதிசெய்ய வழி ஒன்றுண்டு. சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டும். ரத்தம் உறையாதவருக்கு ஊசி போடுவது ஆபத்து என்பதால், பல நேரங்களில் மருத்துவர்கள் ஊகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.