வாட்டர்லூவில் தப்பினார், கண்டி வழியில் நனைந்தார்

கப்டன் ஜேம்ஸ் மக்கிளாஷன் பிரித்தானியப் படை அதிகாரி. 1817இல் கண்டியில் காலமானபோது அவருக்கு வயது 26. அந்த வயதுக்குள் புசாக்கோ, அல்புவேரா, விட்டோரியா, பிரனீஸ் மலை, வாட்டர்லூ என ஐந்து இடங்களில் நெப்போலியனின் படைகளோடு மோதிப் பிழைத்திருந்தார். அல்புவேராவில் ஒரே பகலில் ஆயிரக்கணக்கானோர் சாய்ந்தனர், மக்கிளாஷன் சாயவில்லை. பீரங்கிக்குப் பயப்படாத ஒருவர் மழைக்குப் பயப்படுவாரா?

பயந்திருக்கலாம். 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்துடன் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு வந்தது; அதே ஆண்டு ஜூன் 18இல் வாட்டர்லூ முடிந்தது. ஆனால் கண்டிக்கு வண்டிப் பாதை இன்னும் வந்திருக்கவில்லை. திருகோணமலையிலிருந்து வருபவர் காட்டையும் ஆற்றையும் தாண்டித்தான் வரவேண்டும். மக்கிளாஷன் நடந்தே வந்தார். கொட்டும் மழை, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறினார், இரவில் ஈர உடுப்போடேயே படுத்தார். எச்சரிக்கை என்பதே அவருக்கு இளக்காரமாக இருந்ததாம். கண்டியில் எந்த வீட்டுப் படியில் அவர் அந்தக் கோலத்தில் ஏறியிருந்தாலும், கப்டன் என்றும் பாராமல் துவாயை எறிந்து, தலையைத் துடைக்கச் சொல்லி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருப்பார்கள். பட்டாளத்தில் அந்த வசதி இல்லை. கடுங்காய்ச்சல் பிடித்தது, மீளவில்லை.

இத்தகைய காட்டுக் காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, கெட்ட காற்றே காரணம் என்று அன்றைய வைத்தியர்கள் நம்பினார்கள். மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பதற்கான சான்றை ரொனால்ட் ரோஸ் கண்டது 1897இல்தான். கப்டனுக்கு அது எண்பது வருடம் பிந்திய செய்தி. தோற்றுப்போன நெப்போலியனோ சென் ஹெலினா தீவில் 1821 வரை உயிரோடு இருந்தார். வென்றவரை விட நான்கு வருடம் கூடுதலாக.

மக்கிளாஷன் இருக்கும் கண்டிப் படைவீரர் மயானத்தில் அக்கம்பக்கமும் சாதாரணமானதல்ல. கண்டியை வீழ்த்திய சூழ்ச்சிகளின் சூத்திரதாரி ஜோன் டொய்லி 1824 முதல் அங்கேதான். 1856இல் அடக்கமான ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபேர்ட்சன், இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்டதாகப் பதிவான ஏழாவது, கடைசி ஐரோப்பியர். டேவிட் ஃபின்ட்லே 1861இல் கடுகண்ணாவையில் தன் வீடே இடிந்து விழுந்து இறந்தவர். வெளியே சுற்றித் திரிந்தவர்களுக்கு நடுவே, வீட்டோடு இருந்தும் தப்பாத ஒருவர்.

மயானம் தலதா மாளிகைக்கு அருகே, தேசிய அரும்பொருளகத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் பின்னேரம் போவதானால் குடை கொண்டு போகவும்.