ஆகாயக் கிராணி

ஜொகூர் பாருவில் எந்த மாமாக் கடையில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் ஓர் ஆகாயக் கிராணி இருப்பார். தோட்டத்துக் கிராணி ரப்பர் பாலை நிறுத்துப் புத்தகத்தில் எழுதினார். இவர் வானத்தையே அளந்து வைத்திருக்கிறார். "மகள் லண்டனுக்குப் படிக்கப் போறா" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

"சிங்கப்பூர் சாங்கியிலேருந்து 10,880 கிலோமீட்டர். 14 மணி நேரம் பிடிக்கும், தம்பி."

வாழ்த்து கிடையாது. என்ன படிப்பு என்ற கேள்வியும் கிடையாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்கு நிற்காமல் 15,000 கிலோமீட்டருக்கு மேல் பறப்பதை, தானே ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வந்த களைப்போடு சொல்வார். உலகம் உருண்டை, விமானப் பாதை வளைந்துதான் போகும் என்பதை விளக்க, ரொட்டி சானாயின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டுவார். அதற்குள் ரொட்டி ஆறிப்போகும். உங்களுடையது.

ஊர்ப்பயணம் என்றால் இன்னும் உற்சாகம். திருச்சிக்குச் சாங்கியிலிருந்து ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர், கோலாலம்பூர் கேஎல்ஐஏ-விலிருந்து 2,690. "290 மிச்சம்!" அந்த மிச்சத்தைப் பிடிக்க லார்கினில் பஸ் ஏறி வடக்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் போக வேண்டும். அது தரைக் கணக்கு. அவர் இலாகாவில் வராது.

அவருக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அதுவரை இந்தியாவோடு 2 மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து இரண்டரை. "காலையில 10-க்கு ஏறி 4 மணி நேரம் பறந்தாலும் திருச்சியில மணி பதினொன்றரைதான். திரும்பி வர்றப்ப மொத்தத்தையும் பிடுங்கிக்கிறான்" என்பார், யாரோ சில்லறையில் ஏமாற்றிவிட்டது போல.

இப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில், வெள்ளிக்கிழமை இரவு சாங்கியில் விமானம் ஏறவிருந்த உறவுக்காரப் பையன் வெள்ளந்தியாகக் கேட்டான்: "மாமா, பாலத்தைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்?"

ஜொகூர் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். 1924-இல் திறந்தது. கிராணி கண்ணை மூடினார், உதடு அசைந்தது.

"900 கிலோமீட்டர் வேகத்துல போனா நாலு செகண்டு. சொச்சம் இருக்கு."

"பஸ்ல மாமா?"

கிராணி போனை எடுத்து, தலைக்கு மேலே எந்த விமானம் போகிறது என்று தேட ஆரம்பித்தார். சாங்கி எந்தத் திசை என்றுகூட அத்தைக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்:

"ராத்திரி 10 மணி பிளைட்டா? மத்தியானம் ரெண்டுக்கே கிளம்புய்யா. வெள்ளிக்கிழமை, ஜாம் ஆயிடும். புளிச்சோறு கட்டித் தர்றேன், வரிசையில நின்னுக்கிட்டே சாப்பிடலாம்."