பிரிச்சதே பிரிச்சோம்

பில் இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. முதல் வரி ‘டைமிங் பெல்ட்’. நான் மாற்றக் கொடுத்தது அதை மட்டும்தான். அதற்குக் கீழே டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல், கேம் சீல், ஃபேன் பெல்ட், கூலன்ட், எஞ்சின் மவுண்ட் என்று வரிசையாக இறங்கி, கடைசி வரி ‘பனியன் வேஸ்ட்’ என்று முடிகிறது. பனியன் வேஸ்ட்டுக்கு 80 ரூபாய். கொஞ்சம் பேரம் பேசினால் எம்.சி. ரோட்டில் முழுப் பனியனே தருவான்.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும், எத்தனை கிலோமீட்டரில், இதில் யார் பேச்சைக் கேட்பது என்று தெளிவாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் கவனித்துவிட்டு வருகிறேன்.

“பிரிச்சதே பிரிச்சோம், அதையும் மாத்திடலாம் சார்.”

வண்டி முழுசாக நிற்கும்போது எந்த மெக்கானிக்கும் இதைச் சொல்வதில்லை. தண்டையார்பேட்டை ஷெட்டில் என் காரின் வலது முன்சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து, அதற்கு அடியில் ஜாக்கி. மவுண்ட் வெளியே வந்தாகிவிட்டது. கிராங்க் புல்லி ஒரு பழைய தினசரியின் மேல் உட்கார்ந்திருந்தது. தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றாலும் மூன்று சக்கரம்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் மெக்கானிக் பாய் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து (பனியன் வேஸ்ட்டில்தான், என் செலவில்) அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

கோபம் வருவதற்குக் காரணம் அவர் சொன்னது நியாயம் என்பதுதான். என் எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பம்ப் பேரிங் போனால் புது பெல்ட்டும் கூடவே போகும். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். இரண்டுக்கும் இடம் ஒன்றுதான். திருவொற்றியூர் லாட்ஜுகளில் பகல் ஷிப்ட்காரரும் நைட் ஷிப்ட்காரரும் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைப் போன்ற ஏற்பாடு. ஒருவர் எழுந்து போன பிறகுதான் மற்றவர் வரவேண்டும். அந்த முறை தவறாமல் பார்த்துக்கொள்வது ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்த மறுநொடி வால்வுகள் வளைந்து, ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி... இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தலையாட்டினேன். தெரியாதவனாவது நியாயம் கேட்டுச் சண்டை போட்டிருப்பான்.

பம்ப் சரி. டென்ஷனர், ஐட்லர் சரி. சீல் சரி. மவுண்ட்? “எப்படியும் கழட்டியாச்சு, பழசையே எதுக்கு சார் போடணும்?” ஃபேன் பெல்ட்? “உள்ள புதுசு, வெளிய பழசா?” அப்புறம் வைப்பர் பிளேடைப் பார்த்தார். வைப்பருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் பாய் என்றேன். பானெட் திறந்திருக்கிறதாம்.

பாயை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நம் ரத்தத்திலேயே இருக்கிறது இது. ‘வந்ததே வந்தோம்’ இதன் அண்ணன். காசிமேட்டுக்கு அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கப் போகிறவன் வந்ததே வந்தோம் என்று சங்கரா, நண்டு, யாருக்கும் ஆய்ந்து கொடுக்கத் தெரியாத ஏதோ ஒரு சிப்பி எல்லாவற்றோடும் வீடு திரும்புகிறான். திருப்பதி போனால் வந்ததே வந்தோம், திருச்சானூர். திருச்சானூர் வந்ததே வந்தோம், காளஹஸ்தி. காளஹஸ்தியில் யாராவது பரிகாரம் சொல்லிவிட்டால் லீவு நீள்கிறது. எங்கள் பக்கம் இதை முறையாகவே வைத்துவிட்டார்கள்: பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். அம்மன்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. பார்க்கிங்கின் மேல்தான்.

வெள்ளை அடிக்க ஆள் கூப்பிட்டால், பாத்திரங்களை இறக்கியதே இறக்கினோம், பரணையே இடித்துவிடலாம். பரண் இடித்ததே இடித்தோம், சுவர். ஒரு பல்லைக் காட்டப் போய் வாயைத் திறந்தால், திறந்ததே திறந்தீர்கள், பக்கத்துப் பல்லையும் ஒரு பார்வை. பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கைக்கும் சேர்த்து ஜாதகம் வாங்கிக்கொண்டு வந்தவரை எனக்குத் தெரியும். பந்தல் போட்டதே போட்டோம் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பந்தல்காரருக்கு மட்டும் லாபம்.

எங்கள் தெருவில் மட்டும் இந்த வாக்கியத்தை ஒருத்தனும் சொல்லமாட்டேன் என்கிறான்! குழாய்க்காகத் தோண்டுகிறார்கள். மூடுகிறார்கள். தார் போடுகிறார்கள். தார் காய்வதற்குள் கேபிளுக்காக வேறு ஆட்கள் வந்து அதே இடத்தில் தோண்டுகிறார்கள். அவர்கள் மூடியதும் சாக்கடைக்கு. தோண்டியதே தோண்டினோம், எல்லாவற்றையும் போட்டுவிடுவோம் என்று ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் வாழ்நாள் முழுக்க வாட்டர் பம்ப் மாற்றிக்கொண்டிருக்கத் தயார். கடையில் கிடைக்கிற ஐட்லர் அத்தனையும் வாங்குவேன். சொல்லமாட்டார்கள். அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் என் மவுண்ட்டே போனது என்கிறார் பாய், சொந்தக்காரர் சாவைச் சொல்கிற குரலில்.

சரி, பெல்ட்டுக்கு வருகிறேன்.

இந்த ரப்பர் பல் பெல்ட் காருக்காகப் பிறந்ததே இல்லை. 1940-களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷினுக்காக உருவானது. ஊசியும் பாபினும் தாளம் தப்பாமல் ஓடுவதற்கு. 1962-ல்தான் மேற்கு ஜெர்மனியில் கிளாஸ் 1004 என்ற காரில் அதைக் கொண்டுபோய் மாட்டினார்கள். அதனால் 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார் பூட்டத் தொடங்கிய காலத்தில் இந்த வம்பு யாருக்கும் இல்லை. அதற்குப் பின் திருவொற்றியூர் கண்ட புல்லட்டில் டைமிங்கைப் பார்த்துக்கொண்டவை பல்சக்கரங்கள்தான். இரும்போடு இரும்பு. சத்தம் போடும், எண்ணெய் ஒழுகும், ஆனால் ரப்பருக்கு வயசாகிவிட்டதா என்று ராத்திரி விழித்துக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. சத்தம் குறைகிறது, எடை குறைகிறது, விலை குறைகிறது என்று கார்க்காரர்கள் பெல்ட்டுக்குப் போனார்கள். எனக்கு என்ன விலை குறைந்தது என்று அந்த பில்லில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாய் மாட்டிய விதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் கிராங்கையும் கேமையும் பின் போட்டு நிறுத்தினார். புதியதை மாட்டி, டென்ஷனர் முள்ளைக் குறிக்கு நேரே கொண்டுவந்து, பின்களை உருவிவிட்டு, சாவியைத் தொடாமல் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒன்று. மெதுவாக, காதைக் கொடுத்துக்கொண்டு, எங்காவது தட்டுகிறதா என்று. திரும்பவும் பின் போட்டுப் பார்த்தார். அதனதன் துளையில் சிக்கென்று இறங்கியது. அப்போதுதான் டீ சொன்னார். டீ பில்லில் இல்லை. ஆச்சரியம்தான்.

இனி எப்போது மாற்றுவது என்பது. கம்பெனிப் புத்தகம் ஒரு கிலோமீட்டர் கணக்கும் ஒரு வருஷக் கணக்கும் சொல்லும், எது முந்துகிறதோ அது. புத்தகம் எழுதியவர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதில்லை. அங்கே வண்டி நகராது, எஞ்சின் ஓடும். ஏசியை நிறுத்தலாம் என்றால் கண்ணாடியை இறக்க வேண்டும், இறக்கினால் புழுதி. எண்ணூர் ரோட்டில் நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுற்று. கிலோமீட்டர் முள்ளில் அதற்குப் பெயர் பூஜ்யம். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் தெரியாது, சுற்றுதான் தெரியும். ஆக, நம் பக்கத்துக்காரர்கள் புத்தகத்தில் போட்டிருப்பதிலிருந்து எவ்வளவு கழிக்க வேண்டும் என்றால்...

அதற்குள் வாசலில் காயலான் கடைக்காரர் மணி அடித்தார். பழைய பார்ட்டுகளை அடம்பிடித்துக் கேட்டு வாங்கி வருவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. மாற்றினானா இல்லையா என்று பார்க்க வேண்டாமா! பார்த்தாகிவிட்டது. அப்புறம் அவை பால்கனியில் கறுப்பு எண்ணெயை ஒழுகவிட்டுக்கொண்டு கிடக்கின்றன. பையை எடுத்துப் போய்க் கொட்டினேன். அவர் வாட்டர் பம்ப்பை எடுத்து ஒரு விரலால் சுற்றினார். சத்தமில்லாமல் சுற்றியது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“நல்லாத்தானே கீது. இன்னாத்துக்கு சார் மாத்துன?”

விளக்கம் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. எடை போடச் சொன்னேன். அலுமினியம் தனி, இரும்பு தனி, பெல்ட்டுக்கு ஒன்றும் கிடையாது என்றார். வந்த காசில் அந்தப் பனியன் வேஸ்ட்டைக்கூட வாங்க முடியாது. கொடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அந்த பீரோவையும் போட்டுடேன் சார். வண்டிய தள்ளினு வந்ததே வந்துட்டேன்.”

மனைவி புடவைகளை இறக்கிவைக்க ஆரம்பித்துவிட்டாள்.