முழங்கைக் கவசம்

உலகத்திலேயே பாதுகாப்பான முழங்கை எங்கள் அக்கா மகனுடையது. வண்டி வாங்கி இரண்டு வருடமாக அந்த இடது முழங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஹெல்மெட் அங்கேதான் குடியிருக்கிறது.

"தலையில மாட்டு மாப்ள."

"பக்கத்துலதான மாமா போறேன்."

மதுரையில் அவனுக்கு எல்லாமே பக்கம். மாட்டுத்தாவணி பக்கம், திருமங்கலம் பக்கம். ராமேஸ்வரம் கிளம்பினாலும் மண்டபம் தாண்டினால் பக்கம்தான்.

ஹெல்மெட் சும்மா தொங்குகிறது என்றும் சொல்லிவிட முடியாது. காலையில் பால் பாக்கெட் அதில்தான் வரும். சந்தைக்குப் போனால் இரண்டு கிலோ தக்காளி பிடிக்கும். டீக்கடையில் பெஞ்சு நிறைந்துவிட்டால் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா பார்சல். ஒருநாள் சால்னா பொட்டலம் உள்ளேயே உடைந்துவிட்டது. அன்று முதல் புதுக் காரணம்: "உள்ள சால்னா நாறுது மாமா, எப்படிப் போடுறது?" அதற்கு முந்தைய காரணம், முடி கொட்டும் என்பது. முடிக்காகத் தலையைப் பணயம் வைக்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை.

தலைக்கு அது ஏறுவது ஒரே சமயத்தில்தான். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை சிமிட்டினால் முன்னால் போலீஸ் என்று அர்த்தம். வலது கை ஆக்சிலேட்டரை விடாது. இடது கையை ஓர் உதறு உதறினால் ஹெல்மெட் முழங்கையிலிருந்து விரலுக்கு வரும். ஆமை மாதிரி கழுத்தை நீட்டி அதற்குள் தலையை நுழைப்பான். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பின்னால் நாம் உட்காராதவரை. அந்த மூன்று விநாடி அவனுக்கு ரோடு தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடிக்கு வண்டி 40 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வாரை மாட்டுவதெல்லாம் கிடையாது. அது கன்னத்தில் ஊஞ்சல் ஆடும். போலீஸ்காரரைத் தாண்டி நாலு கடை போனதும் ஹெல்மெட் பழையபடி முழங்கைக்கு இறங்கிவிடும்.

 

போன மாதம் காளவாசல் பக்கம் இதே வித்தையை என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு காட்டினான். ஆனாலும் நிறுத்திவிட்டார்கள். போலீஸ்காரர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி போட்டிருக்காரு. உங்களது எங்க சார்?" என்றார். பின்னால் உட்கார்ந்தவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அபராதம் 1,000 ரூபாய், என் சட்டைப் பையிலிருந்து போனது. அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அந்தக் கோபத்தில் எழுதுகிறேன் என்றால், ஆமாம், அதுவும் உண்டு. ஆனால் அன்று ராத்திரி மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஹெல்மெட் போடாமல் நாட்டில் அந்த ஒரு வருடத்தில் செத்தவர்கள் 50,029 பேர். ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்தவர்கள் 14,337. இரண்டாவது கணக்கில்தான் நான் வருவேன். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மகோல்தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. வார் மாட்டாவிட்டால் தலை தரையில் படுவதற்கு முன்னாலேயே ஹெல்மெட் தனியாகப் பறந்துவிடும். மண்டபத்துக்கு அந்தப்பக்கம் அடிபட்டாலும் காளவாசலில் அடிபட்டாலும் மண்டை ஒன்றுதான். தலையை ஆட்டினான். சாயங்காலம் புது ஹெல்மெட் வாங்கிவந்தான், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. எனக்காம்! "இனிமே ஃபைன் கட்ட வேணாம் மாமா." மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. எட்டிப் பார்த்தேன். அவனுடையது முழங்கையில்தான் இருந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பிள்ளை வண்டிச் சாவியை எடுக்கும்போது "ஹெல்மெட் எடுத்தியா?" என்று கேட்காதீர்கள். எடுத்திருப்பான். "தலையில மாட்டி, வாரைப் போட்டியா?" என்று கேளுங்கள். கிளிக் சத்தம் காதில் விழுந்த பிறகு கதவைத் திறந்துவிடுங்கள்.