பூட்டிய வீடும் போட்ட ஸ்டேட்டஸும்

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குத் திருட வந்தவன் பாவம், நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது. எந்த வீட்டில் ஆள் இல்லை என்று நோட்டம் பார்க்கத் தெருவுக்குள் நுழைந்தாலே திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: “யாருய்யா அது? யாரு வீட்டுக்கு வந்திருக்க?” பதில் சொல்லிவிட்டு நகர முடியாது. அப்பா பேர், சொந்த ஊர், எந்த பஸ்ஸில் வந்தான் வரை சொல்லியாக வேண்டும். இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. தீபாவளி லீவுக்கு ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பம் காரில் ஏறும் முன்பே ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறது. எத்தனை நாள் டூர், யார் யார் போகிறார்கள், வீட்டுப் பாட்டியும் கூடப் போகிறாளா, எல்லாம் அதில் இருக்கிறது.

எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறி ஓடும் தெருவில் ராத்திரி முழுக்கச் சத்தம் ஓயாது. நூல் அறுந்தால் முடிந்துவிட்டு, பீடி பற்றவைக்க வாசலுக்கு வரும் தறிக்காரர்தான் சம்பளமில்லாத ரோந்து. பண்டிகைக்கு மட்டும் தறி நிற்கும். ஊருக்குத் தூக்கம் வராததும் அன்றைக்குத்தான்.

ஆடித்தபசுத் திருவிழா வேறு கணக்கு. கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணராகச் சுவாமி காட்சி கொடுக்கும் நேரம், விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளிச் சூறை விடுவார்கள். அந்த ஒரு நிமிஷம் அத்தனை கையும் மேலே, அத்தனை கண்ணும் சப்பரத்தில். கழுத்துச் சங்கிலியை நினைக்க யாருக்கு நேரம்? எங்கள் அத்தைமார் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்குக் குத்தி, மேலே முந்தானையைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டுதான் கோயிலுக்குக் கிளம்புவார்கள். செல்பியில் நகை தெரிய வேண்டும் என்பதால் இன்று அந்த முந்தானை மூடுவதில்லை.

பாதுகாப்புக்குக் காசு கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதுசில்லை. பக்கத்து நெற்கட்டும்செவல் பூலித்தேவர் காலத்தில் பாளையக்காரர்களுக்குக் காவல் வரி உண்டு. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். பாளையங்களை ஒடுக்கிய வெள்ளைக்காரர்கள் அந்த உரிமையைப் பறித்தார்கள். ஆனாலும் கிராமக் காவல் லேசில் போகவில்லை. காணாமல் போன மாட்டுக்குத் ‘துப்புக்கூலி’ கொடுத்தால் மாடு தானாக ஓடைக்கரையில் வந்து நிற்கும். கூலி வாங்கியவருக்கும் மாட்டை ஓட்டியவருக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. அயோக்கியத்தனம்தான். ஆனால் மாடு திரும்பி வந்ததே!

இப்போது கேமராவுக்குச் செலவழிக்கிறோம். வாசலுக்கு வந்தவன் முகத்தைத் துண்டால் மூடியிருந்தான் என்பதை அது தெளிவாகப் படம் பிடித்துக் கொடுக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம், “ஊருக்குப் போயிட்டு வாரோம், வீட்டைப் பாத்துக்கிடுங்க” என்று சொல்ல மட்டும் கூச்சம். வெளியூர் போகிறவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொன்னால் பூட்டிய வீட்டை ரோந்தில் கவனித்துக்கொள்கிறோம் என்று காவல்துறையும் பண்டிகைக்குப் பண்டிகை சொல்லித்தான் பார்க்கிறது. “ஸ்டேஷன் பக்கம் நமக்கென்னவே சோலி?” என்பது ஊரின் பதில். ஊருக்கெல்லாம் சொன்ன சேதியை ஸ்டேஷனுக்கு மட்டும் சொல்லமாட்டோம்.

எல்லாத் திருடனும் இப்போது சுவர் ஏறுவதில்லை, சிலர் போன் வழியாகவே வருகிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் பட்டாசு ஊர் சிவகாசி. அப்படியிருந்தும் நம்மூர்க்காரர்கள் பாதி விலைக்குப் பட்டாசு என்ற இணைய விளம்பரத்தை நம்பி, ஜி-பேயில் பணத்தை அனுப்பிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கிறார்கள். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இந்தப் போலிப் பட்டாசுக் கடைகளைப் பற்றி எச்சரித்தது. இணையத்தில் பட்டாசு விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியாயிற்று. பஸ் பிடித்துப் போய்க் கண்ணால் பார்த்து வாங்கினால், குறைந்தபட்சம் சண்டை போடவாவது எதிரே ஒரு ஆள் இருப்பார்.

இந்த லீவுக்குக் கிளம்புகிறவர்கள் பக்கத்து வீட்டிலும் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போட்டோக்களை வீடு திரும்பிய பிறகு போடுங்கள், லைக் ஒன்றும் குறையாது. இணையத்தில் ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. அதற்குத் துப்புக்கூலி கிடையாது.